எத்தனை நாற்காலி போடலாம் என்று கேட்டவளுக்கு

பவானிக்கு அப்பா எழுதுவது. கவரைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொள்ளாதே, இங்கே எல்லாரும் நலம். யாருக்கும் சுகர் ஏறவில்லை, யாரும் பாத்ரூமில் வழுக்கி விழவில்லை. உங்கம்மா இன்றைக்குக் காலையில் காபி ஆறுவதற்குள் என்னை மூன்று தடவை திட்டிவிட்டாள், அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிட வேறு சர்டிபிகேட் வேண்டாம். செவ்வாய்க்கிழமை நீ என் போனுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாய் அல்லவா, "அப்பா, கிளாஸ் ஓப்பனிங்குக்கு எத்தனை சேர் போடலாம்?" என்று, அதற்குப் பதில்தான் இது. இந்த மூன்று வருஷத்தில் நீ எனக்கு அனுப்பியதெல்லாம் "சாப்டியாப்பா", "மாத்திரை போட்டியா", அப்புறம் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பானைப் படம். கேள்வி என்று நீ என்னிடம் கேட்டது இதுதான் முதல். குடோனில் நின்றபடி அதை நாலு தடவை படித்தேன். பேசி அனுப்பலாம் என்று அந்த மைக் படத்தை அழுத்தினேன். முதல் தடவை பின்னால் ஒரு அண்டா உருண்டு சத்தம் வந்துவிட்டது. இரண்டாவது தடவை என்னை அறியாமல் ஒரு ஜோக் அடித்துவிட்டேன். மூன்றாவது தடவையும் ஜோக்குதான். நாலாவது தடவை பேச்சே வரவில்லை, என் மூச்சு மட்டும் பதிவாகியிருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு நோட்டு வாங்கி வந்தேன். நான் அஞ்சாங்கிளாஸ், மிச்சத் தமிழெல்லாம் டீக்கடைப் பேப்பரைப் படித்து வந்தது. உங்கம்மா பத்தாவது பாஸ் என்பதால் பிழை திருத்துகிற வேலை அவளுக்கு. அவள் படிப்பாளே என்று எதையும் மறைக்கப் போவதில்லை. தெருவே படித்தாலும் சரி. தெரு பார்க்கத்தான் தப்பு செய்தேன், தெரு பார்க்கவே ஒத்துக்கொள்கிறேன்.

உனக்குத் தெரியாததா, இந்த ஊரில் என் நாற்காலியில் உட்காராத ஆளே கிடையாது. காதுகுத்து, வளைகாப்பு, கட்சிக் கூட்டம், காரியம் எதுவாக இருந்தாலும் குட்டியானை வண்டியில் சாமியானாவும் சேரும் ஏற்றிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போகிறவன் நான், எல்லாரும் போன பிறகு திரும்பி வருகிறவன் நான், பத்திரிகை வைத்து யாரும் கூப்பிடாதவனும் நான். அப்படி ஓரமாக நின்று பார்த்துப் பார்த்து ஒரு வித்தை கற்றேன். நூறு சேர் போடச் சொல்லியிருப்பார்கள், இருபது பேர்தான் வந்திருப்பார்கள். வீட்டுக்காரர் வாசலைப் பார்ப்பார், சேரைப் பார்ப்பார், மறுபடி வாசலைப் பார்ப்பார். மனுஷன் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. அப்போது நான் பின்வரிசையிலிருந்து சேரை உருவ ஆரம்பிப்பேன். அடுக்கித் தூக்கினால் சத்தம் வரும், அதனால் கைக்கு ஒன்றாக இரண்டே இரண்டு, சேர் ஆடுகிறதா என்று சோதிக்கிறவன் மாதிரி நடந்துகொண்டே எடுக்க வேண்டும். மிச்சத்தைக் கொஞ்சம் அகட்டிப் போட வேண்டும். பக்கத்துணியை ஒரு முழம் உள்ளே இழுத்துக் கட்ட வேண்டும். அரை மணியில் பந்தல் சுருங்கிவிடும், இருபது பேருக்கு இருபத்திரண்டு சேர், அரங்கு நிறைந்த கூட்டம். வீட்டுக்காரருக்கு முகம் திரும்பி வரும், ஏன் வந்தது என்று அவருக்கே தெரியாது. இந்த வேலையில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கெல்லாம் உபகாரம் செய்கிறேன் என்ற கர்வம்.

ஆனால் சேரை உருவாமலேயே கூட்டம் நிறைந்ததையும் ஒரு தரம் பார்த்திருக்கிறேன். உனக்கு அப்போது ஏழு எட்டு வயது, உன்னையும் கூட்டிப் போயிருந்தேன், மேடைக்கு அடியில் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாய். கோயில் திருவிழாவில் ஒரு பட்டிமன்றம். சாமி புறப்பாடு அன்றைக்கு வேறு தெரு வழியாகப் போய்விட்டது, ஜனமெல்லாம் சாமி பின்னாலேயே போய்விட்டது. மேடையில் நடுவரும் ஆறு பேச்சாளர்களும், கீழே நாலு பேர். அந்த நாலில் ஒருவர் மைக்செட்காரர். நான் பின்வரிசையில் கை வைத்தேன். நடுவர் மேடையிலிருந்தே மைக்கில், "சேர்க்கார அண்ணே, அதத் தொடாதீங்க, எங்களுக்கு வேணும்" என்றார். ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தார். "நாங்க ஏழு பேரு கேக்குறோம், நீங்க நாலு பேரு பேசுங்க" என்றார். கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாள் ஒருத்தி கூடையோடு மேடை ஏறினாள். வீட்டில் பெரியவர் மாமியாரா மருமகளா என்று தலைப்பு. அந்த அம்மாள் மைக்கைப் பிடித்து, "எங்க ஊட்ல கேஸ் சிலிண்டர்தான்பா பெருசு, அது தீந்துபோனா ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து அழறோம்" என்று ஆரம்பித்ததும் சிரிப்புச் சத்தம் கேட்டுத் தெருவில் போனவனெல்லாம் உள்ளே வந்தான். முடியும்போது நான் குடோனிலிருந்து சேர் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த நடுவர் போகும்போது என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டுப் போனார். எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. நல்ல தமாஷ் என்று மட்டும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதை உனக்கு நான் சொன்னதே இல்லை, உங்கம்மா சொல்லியிருப்பாளோ என்னவோ. எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே முதல் விருந்தாளி நேரத்துக்கு வரவில்லை. அந்த விருந்தாளி நீதான். மூன்று வருஷம் ஆகியும் நீ வருகிற வழியாக இல்லை. திருப்புட்குழி கோயிலுக்குப் போனோம். வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுத்தால், பிள்ளை வரம் உள்ளவளுக்குக் காலையில் அது முளைவிட்டிருக்கும் என்பது அங்கே உள்ள நம்பிக்கை. அவள் காலையில் எழுந்து குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து மடியை அவிழ்த்தாள். பயறு கட்டினபடியே இருந்தது. பக்கத்தில் ஒரு பெண் ஈரத்தலையோடு தன் பயறு முளைத்திருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள், உங்கம்மா அவளுக்குத் தலை துவட்டிவிட்டாள். திரும்புகிற பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வாயிருக்கிறதே, அதுகூட அன்றைக்கு அடங்கிக் கிடந்தது. ஊர் வரப் போகிற நேரத்தில் அவளே திரும்பிப் பார்த்து, "அடுத்த தரம் பச்சப் பயிறயே கட்டிக்கினு வந்துர்றேன்யா. யாரு பாக்கப் போறாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளும் சிரித்தாள், கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தான். சிரித்து முடித்தபோது அவள் கண் இரண்டும் நிறைந்திருந்தது, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் கடைக்குப் புது சேர் வாங்க வாலாஜாபாத் போனேன். மொத்தமாக எடுத்ததற்குக் கடைக்காரர் குழந்தைகள் உட்காருகிற சின்ன சிவப்பு சேர் ஒன்றை இனாமாகக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கொண்டுவந்து வீட்டு நடையில் போட்டேன். வந்தவர்களெல்லாம் கேட்டார்கள், "பிள்ளையே இல்லாத வீட்ல இது இன்னாத்துக்குப்பா?" என்று. நான், "ஆளு வந்துக்கினு இருக்குது, வழியில கூட்டம், லேட்டாவுது" என்பேன். உங்கம்மா தினம் காலையில் அதைத் துடைத்து வைப்பாள். ஒரு பிறந்தநாள் விழாவுக்கு வாடகைக்கு விட அதை எடுக்கப் போனேன், துடைப்பத்தைத் தூக்கிவிட்டாள். இரண்டு வருஷம் அது காலியாகவே கிடந்தது, பவா. ஒரு நாளும் நான் அதை உருவவில்லை. அப்புறம் நீ வந்தாய், அதில் உட்கார்ந்தாய், ஏறி நின்றாய், ஒரு காலை உடைத்தாய். இப்போது குடோனில் தண்ணீர் கேனுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. உனக்காக இரண்டு வருஷம் ஒரு காலி நாற்காலியைப் போட்டுவைக்கத் தெரிந்தவனுக்கு, அன்றைக்கு ஒரு மணி நேரம் போட்டுவைக்கத் தெரியவில்லை.

அன்றைக்கு என்றால் எந்த அன்றைக்கு என்று உனக்குச் சொல்ல வேண்டாம். ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தரம் கேள், ஏனென்றால் அதில் உனக்குத் தெரியாத இரண்டு சங்கதி இருக்கிறது. ஜமீலா அக்காவிடம் இரண்டு வருஷம் உட்கார்ந்து ரவிக்கையில் கொக்கி ஊசியால் பூப்போடுகிற ஆரி வேலை கற்றுக்கொண்டாய். பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் ரவிக்கைக்கு ஆரி போட ஆள் தேடுகிறார்கள், நாமே நாலு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று நீதான் யோசித்தாய். மாடி அறை பிடித்தாய், நோட்டீஸ் அடித்தாய், என்னிடம் வந்து "நல்ல நாளா ஒண்ணு பாத்துச் சொல்லுப்பா" என்றாய். நான் கடைக் காலண்டரைப் பார்த்தேன். என் காலண்டரில் முகூர்த்த நாளெல்லாம் ஆர்டர் எழுதி எழுதிக் கறுத்துக் கிடக்கும். ஒரு நாள் மட்டும் வெள்ளையாக இருந்தது. "இந்தா, அன்னிக்கி ஒரு ஆர்டர் இல்ல, துணி உறை போட்ட புது சேர் அறுபதும் உனக்குத்தான்" என்றேன். நீ என் கையைப் பிடித்துக் குதித்தாய். அன்றைக்கு ஏன் ஒரு ஆர்டர்கூட இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊரே விசேஷம் வைக்காத நாளைத்தான் சேர் சும்மா கிடக்கிற நாள் என்று பிடித்துக் கொடுத்திருக்கிறேன். உலகத்தில் சேர்க்காரனைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

உங்கம்மா அன்றைக்கு இரவே தேதி கிழிக்கிற காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "யோவ், அன்னிக்கி அஷ்டமி. எவ பிள்ளையக் கொண்டாந்து கிளாஸ்ல சேப்பா?"

"அஷ்டமியில ஊசியில நூல் கோக்காதா? போயி தூங்கு."

"நூலு கோக்கும்யா. ஊரு வராது."

"நீ வர்ற இல்ல, நாலு ஆளுக்குச் சமம்" என்றேன். அவள் எடையைச் சொல்லிக் கிண்டல் செய்ததில் அவளுக்குக் கோபம் வந்து பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, மாற்றினால் உனக்கு முகம் வாடும் என்று ஒரு பக்கம், மாற்றினால் நான் சொன்னது தப்பாகிவிடுமே என்று ஒரு பக்கம். இரண்டாவது பக்கம்தான் பெரியது. நோட்டீஸைக் காரணம் காட்டி அதை மூடினேன்.

பத்து மணிக்கு விழா. பத்தரைக்கு ஜமீலா அக்காவும் அவர் நாத்தனாரும், கீழ்வீட்டு அம்மாள், பால்காரர், அவ்வளவுதான். தெருவில் பெண்கள் போனார்கள், கையில் தட்டும் எண்ணெய்ப் புட்டியும், பைரவருக்கு விளக்குப் போட. நம் பந்தலைப் பார்த்துச் சிரித்தபடி போனார்கள். அதிலே இரண்டு பேர் "நாளான்னிக்கி வரோம்மா" என்று உங்கம்மாவிடம் சொல்லிவிட்டே போனார்கள். நீ மாடியில் சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக ஊரார் முகத்தில் பார்த்த பார்வை, என் மகள் முகத்தில் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கை தானாகப் பின்வரிசைக்குப் போய்விட்டது. ஜமீலா அக்கா, "ஜல்தி இன்னாத்துக்கு அண்ணே? டைம் இருக்குதே" என்றார். "யாரும் வரலியேம்மா" என்றேன். அவர் முகம் சுருங்கி, "அப்ப நாங்க யாருண்ணே?" என்றார். அதையும் சிரித்து மழுப்பிவிட்டு உருவினேன். இரண்டு இரண்டாக, சத்தமில்லாமல். அறுபது நாற்பதாயிற்று, நாற்பது இருபதாயிற்று. முன்வரிசையில் நடுச் சேரில் யாரோ பச்சைத் துப்பட்டா ஒன்றை மடித்துப் போட்டு இடம் பிடித்திருந்தார்கள். யாரோ வரவேண்டிய பெரிய மனுஷருக்கு என்று நினைத்தேன். அவரும் வரவில்லையே, இது ஒன்று மட்டும் நடுவில் பல்லிளிக்கிறதே என்று துப்பட்டாவை எடுத்து ஜமீலா அக்கா கையில் கொடுத்துவிட்டு அந்தச் சேரையும் எடுத்தேன். அப்போதுதான் நீ படியில் நின்றாய்.

"யாரும் வர மாட்டாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாப்பா?" என்று கேட்டாய். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அஷ்டமியை மறந்துவிட்டேன், தப்பு என் மேல் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறது, எழுதக் கை கூசுகிறது, எழுதுகிறேன். "வராதவங்களுக்கு எதுக்குமா சேரு, நின்னுக்கினே இருக்கட்டும்" என்றேன். நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. நீ உள்ளே போய்விட்டாய். நான் மிச்சச் சேரையும் வண்டியில் ஏற்றிவிட்டுப் பக்கத்துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு மூன்று பெண்கள் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் திரும்பினார்கள். பந்தலைப் பார்த்தார்கள். "பிரிக்கிறாங்கடி, முடிஞ்சிருச்சு போலக்குது" என்று ஒருத்தி சொன்னாள், அப்படியே திரும்பிவிட்டார்கள். நான் கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் உட்காரச் சொல்ல வேண்டும், சேரெல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். இதுதான் உனக்குத் தெரியாத முதல் சங்கதி. அன்றைக்கு ஆள் வந்தார்கள், பவா. உன் கிளாஸுக்கு ஆள் வந்தார்கள். அனுப்பியது நான்.

அதற்கப்புறம் இரண்டே பெண்களை வைத்து ஆறு மாசம் நடத்தினாய். "இந்த ஊருக்கு நான் வேணாம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் வேலைக்குக் கிளம்பினாய். நான் பஸ் ஸ்டாண்டு வரை வந்து பையைத் தூக்கி வைத்து, "ஜன்னல் சீட்டு, அதிர்ஷ்டக்காரிதான்" என்று சொல்லி அனுப்பினேன். ஊர் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஊர் காலண்டரைப் பார்த்தது, அவ்வளவுதான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் கிளம்ப இருபது நிமிஷம் இருந்தது. இருபது நிமிஷமும் வண்டியைச் சுற்றி நடந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நான்தான் ஓட்டப் போகிறவன் மாதிரி.

இரண்டாவது சங்கதி எனக்கே போன மாசம்தான் தெரியும். கோயம்புத்தூரிலேயே சொந்தமாகக் கிளாஸ் திறக்கிறாய் என்று உங்கம்மாவுக்கு ரயில் டிக்கெட் அனுப்பியிருந்தாய், அரக்கோணத்தில் ஏறுகிற மாதிரி. ஒரு டிக்கெட். நான் அதைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், பின்பக்கம் இன்னொரு பேர் இருக்குமோ என்று. உங்கம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அப்படி இன்னாதான்டி செஞ்சிட்டேன், நாலு சேர எடுத்ததுக்கா மூணு வருசம்?" என்று கேட்டேன். அவள் கீரையை விட்டுத் தலை தூக்கவில்லை.

"அந்தத் துப்பட்டா யாருக்குப் போட்டதுன்னு நெனச்ச?"

"யாரோ வி.ஐ.பி.க்குன்னு."

"நீதான்யா அந்த வி.ஐ.பி. 'எங்கப்பா ஒரு விசேசத்துலயும் ஒக்காந்தது இல்லம்மா, இன்னிக்கி எனக்கு முன்னாடி நடுவுல ஒக்காரணும்'னு காலையில அவதான் போட்டா."

எனக்கென்று தெரியாமல்தான் அந்தச் சேரை எடுத்தேன், அதுதான் உனக்குத் தெரியாதது. இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன். "சொன்னா நீ ஜோக்கடிப்ப" என்றாள். நான் எழுந்து குடோனுக்குப் போனேன். அறுநூறு சேர் அடுக்கி வைத்திருக்கிறேன். எதிலும் உட்காரத் தோன்றாமல் தரையில் உட்கார்ந்தேன்.

உன் ஆரி ஸ்டாண்டு நம் வீட்டு மாடியில் அப்படியேதான் இருக்கிறது. துணியை இழுத்துக் கட்டிக் கொக்கி ஊசியை நீ குத்தி எடுக்கும்போது டொக்கு டொக்கு என்று ஒரு சத்தம் வருமே, கீழே சாப்பிட்டுக்கொண்டே அதைக் கேட்பேன். சத்தம் நின்றால் நூல் மாற்றுகிறாய் என்று அர்த்தம், மறுபடி ஆரம்பிக்கும்வரை என் கை சோற்றிலேயே நிற்கும். இப்போது நின்றது நின்றதுதான். கல்யாண வீடுகளில் மணமேடைப் பக்கம் பெண்கள் முதுகில் ஆரி வேலைப்பாட்டைப் பார்த்தால், இது பவா போட்ட மயில் மாதிரி இருக்கிறதே என்று கிட்டே போய்ப் பார்த்து, ஒரு தடவை அடி வாங்கப் பார்த்தேன். சேர்க்காரன் பொம்பளை முதுகைப் பார்க்கிறான் என்று சொன்னால் எந்த ஊரில் சும்மா விடுவார்கள்? நல்லவேளை, அந்த ரவிக்கை ஜமீலா அக்கா போட்டது, அவரே வந்து, "அண்ணே மக ஞாபகத்துல பாக்குறாருமா" என்று காப்பாற்றினார். உன் துப்பட்டாவை அவர் இன்னும் வைத்திருக்கிறார். உன்னிடம்தான் கொடுப்பாராம், என்னிடம் தர மாட்டேன் என்கிறார்.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். தொழில்காரனாகச் சொன்னால், கூப்பிட்டதில் பாதிக்குச் சேர் போடு, மிச்சத்தை மறைவில் வை, வர வர எடுத்துப் போடு என்பேன். ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்கிறேன். உனக்குச் சொல்ல மாட்டேன். கூப்பிட்ட பேர் எத்தனையோ அத்தனையும் போடு, மேலே ஒன்று போடு. காலி சேர் ஒன்றும் அவமானமில்லை என்று இந்த வயதில் புரிகிறது. பத்து மணி என்று போட்டிருந்தால் பத்துக்கே ஆரம்பி. மூன்று பேர் வந்தாலும் அந்த மூன்று பேரை முன்னால் உட்காரவைத்து, அவர்களுக்கு என்று பேசு. வந்தவளைப் பார்த்து "யாரும் வரலியே" என்று மட்டும் சொல்லிவிடாதே, அப்படியானால் அவள் யார்? ஜமீலா அக்கா கேட்டது இன்னும் எனக்கு வலிக்கிறது. வராதவர்களை மனசில் வைத்து வந்தவர்களுக்குச் சந்தனம் பூசாதே. ஒருத்தி வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கும், குழந்தைக்குக் காய்ச்சல், மாமியார் விடவில்லை, அஷ்டமி, சாமி வேறு தெருவில் போய்விட்டது. அந்த ஆயிரத்தில் நீ கடைசிக் காரணம். அதை முதல் காரணமாக எடுத்துக்கொண்டு ஊரை விட்டுப் போகக்கூடாது, அப்படிப் போகவிட்டு ஒரு அப்பன் டயரைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடாது. பதினொன்றரை மணிக்கு யாராவது தெருமுனையில் திரும்புவார்கள். அவர்கள் வரும்போது பந்தல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கற்றுக்கொண்டது.

நீ வைத்திருக்கிற நாளைப் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை இரண்டு காலண்டரிலும் பார்த்தேன். அஷ்டமியும் இல்லை, நவமியும் இல்லை, அருமையான முகூர்த்தம். எவ்வளவு நல்ல முகூர்த்தம் என்றால், எனக்கு அன்றைக்கு நாலு கல்யாணம், ஒரு சேர்கூட மிச்சமில்லை. உங்கம்மாவின் தம்பியிடம் சாவியைக் கொடுத்து, நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். "மாமா, முகூர்த்த நாள்ல நீ எங்க போற, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றான். "என்னையும் ஒருத்தர் விசேசத்துக்குக் கூப்ட்டாலும் கூப்புடுவாங்கடா" என்றேன். கூப்பிட்டார்களா என்று அவன் கேட்கவில்லை. நீ எத்தனை சேர் என்றுதான் கேட்டாய், வா என்று எழுதவில்லை. ஊரில் எல்லாரும் என்னிடம் அப்படித்தான் கேட்கிறார்கள், எனக்குப் பழக்கம்தான். ஆனால் உன்னிடமிருந்து வந்த வரியை மட்டும் அப்படிப் படிக்க மனம் ஒப்பவில்லை. இரண்டு நாளாகச் சட்டையை இஸ்திரி போட்டு மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறேன். உங்கம்மா பார்த்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை என் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டுப் போகிறாள். அவள் திட்டாதபோதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வா, வராதே என்று நீ எழுத வேண்டாம். எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த நோட்டு வாங்கிய பிறகு எனக்கும் தெரிகிறது. சேரெல்லாம் போட்டு முடித்ததும் எனக்கு ஒரு படம் அனுப்பு. முதல் நாளே போட்டுவிடு, அரக்கோணத்தில் ரயிலேறுகிற நேரத்துக்குள் எனக்கு வந்து சேர வேண்டும். ஸ்டேஷன் வரைக்கும் எப்படியும் வருவேன், உங்கம்மா பையை யாராவது தூக்க வேண்டுமே. படத்தில் எல்லாச் சேரும் வெறுமனே இருந்தால் புரிந்துகொள்வேன், அவளை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து நாலு கல்யாணத்தையும் பார்ப்பேன். ஒரு ஜோக்கும் அடிக்க மாட்டேன். எந்த வரிசையானாலும் சரி, கடைசி வரிசையானாலும் சரி, ஏதாவது ஒரு சேரில் ஒரு துணி கிடந்தால், டிக்கெட் இல்லாத பெட்டியில் நின்றுகொண்டாவது வந்துவிடுவேன். வந்து, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கடைசி ஆள் எழுந்து போகிறவரைக்கும் அதிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அப்பா